பழைய சிடி பிளேயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1980களிலும் 90களின் முற்பாதியிலும் வந்த சிடி பிளேயர்களைப் பல ஆண்டுகளாகச் சேகரித்தும் பழுதுபார்த்தும் வருகிறேன். நண்பர்களும், அவர்கள் வழியாக அறிமுகமானவர்களும் தொலைபேசியில் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை விடையாகத் தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் விடைகள் எளிதில் விளங்கும்.

பழைய சிடி பிளேயர் என்று எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்? எங்கள் வீட்டுப் பரணில் கிடப்பதும் அதில் சேருமா?

கடைக்கு வந்த முதல் சிடி பிளேயர் சோனியின் சிடிபி-101. அது 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் 1,68,000 யென் விலையில் வெளியானது. சிடியை சோனியுடன் சேர்ந்து உருவாக்கிய நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம், சிடி100 என்ற தன் முதல் பிளேயரைச் சில மாதங்களில் கொண்டுவந்தது. அந்த ஆண்டிலிருந்து ஏறத்தாழ 1995 வரை வந்தவற்றைத்தான் நான் இந்தப் பக்கத்தில் பழைய பிளேயர் என்கிறேன்.

அதன் பிறகு வந்தவற்றிலும் நல்லவை உண்டு. ஆனால் விலை குறையக் குறைய, வார்ப்பு உலோகத்தில் செய்யப்பட்டிருந்த உள்பாகங்கள் பிளாஸ்டிக்காக மாறின. பரணில் இருப்பது மூன்று சிடி மாற்றும் மினி சிஸ்டமாகவோ டிவிடி பிளேயராகவோ இருந்தால் பாட்டுக் கேட்க அது போதும், சேகரிப்பவர்கள் அதைத் தேடுவதில்லை. தனிப்பெட்டியாக, கையில் தூக்கினால் கனமாக, பின்பக்கத்தில் ஆம்ப்ளிஃபையருக்கு வயர் செருகும் நல்ல ஆர்சிஏ சாக்கெட்டுகளுடன் இருந்தால் தூசி தட்டி வெளியே எடுங்கள்.

சிடியும் டிஜிட்டல், செல்போனில் கேட்பதும் டிஜிட்டல். அப்புறம் என்ன வித்தியாசம்?

இரண்டும் எண்கள்தான். சிடியில் ஒரு விநாடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு சேனல்களுக்கும் தனித்தனியாக 16 பிட் அளவில் ஒலி பதியப்பட்டிருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 14,11,200 பிட்டுகள். செல்போனில் நெடுங்காலம் நாம் கேட்டவை இதைச் சுருக்கிய வடிவங்கள். எம்பி3-இல் அதிகபட்சம் விநாடிக்கு 320 கிலோபிட்தான். காதுக்குத் தெரியாது என்று கணிக்கப்படும் பகுதிகளை நீக்கிவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும் முறை அது. அதையே புளூடூத் வழியாக அனுப்பினால் பெரும்பாலும் இன்னொரு முறை சுருக்கம் நடக்கிறது.

அந்த இடைவெளி இப்போது பெரிதும் மூடப்பட்டுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலும் ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரிலும் இழப்பில்லாத ஒலியைத் தரத் தொடங்கின. ஆகவே "சிடியில் தரவு அதிகம்" என்ற ஒரே காரணத்துக்காக யாராவது பழைய பிளேயர் வாங்கப் போவதாகச் சொன்னால் நான் தடுத்துவிடுவேன்.

உண்மையைச் சொல்லுங்கள். பழைய பிளேயரில் ஒலி நன்றாக இருக்கிறதா, அல்லது அது இளமைக்கால நினைவா?

அளவிட்டுப் பார்த்தால் இன்றைய எளிய டாக் ஒன்றே 1985-இன் விலையுயர்ந்த பிளேயரை வென்றுவிடும். டாக் என்பது எண்களை ஸ்பீக்கருக்குச் செல்லக்கூடிய மின் அலையாக மாற்றும் சிப். இரைச்சல், சிதைவு, நேரத் துல்லியம் ஆகிய மூன்றிலும் நாற்பது ஆண்டுகளில் நிறைய முன்னேற்றம் வந்திருக்கிறது. அதை மறுப்பதில் பயனில்லை.

அப்படியும் பலர் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பழைய பிளேயர்தான் இனிமை என்கிறார்கள். அதற்கு முதல் காரணம் ஒலியளவு. சிடி பிளேயரின் பின்னால் கிடைப்பது சுமார் 2 வோல்ட், செல்போனின் ஹெட்ஃபோன் துளையில் கிடைப்பது பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு. சற்றே உரக்க ஒலிப்பதைக் காது "நல்ல ஒலி" என்று எடுத்துக்கொள்ளும். இரண்டின் அளவையும் சமமாக்கிவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால் வித்தியாசம் பெரும்பாலும் மிகச் சிறியதாகிவிடும். அதற்குப் பிறகும் பெரிய வித்தியாசம் கேட்டால், காரணம் பெரும்பாலும் பிளேயரில் இருக்காது, தட்டில் இருக்கும். அதைக் கீழே மாஸ்டர் பற்றிய விடையில் விளக்கியிருக்கிறேன்.

எல்லோரும் டிடிஏ1541 என்ற சிப்பைப் பற்றிப் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

இதற்கு ஒரு சுவையான பின்னணி உண்டு. சிடியின் தரத்தை முடிவு செய்தபோது பிலிப்ஸ் 14 பிட் போதும் என்றது, சோனி 16 பிட் வேண்டும் என்றது, 16 பிட்டே முடிவானது. ஆனால் பிலிப்ஸிடம் தயாராக இருந்தது டிடிஏ1540 என்ற 14 பிட் டாக். அதை ஒதுக்கிவிடாமல், மாதிரிகளின் (விநாடிக்கு 44,100 முறை பதியும் ஒலி அளவுகளின்) எண்ணிக்கையை நான்கு மடங்காக்கி, அதாவது 176.4 கிலோஹெர்ட்ஸாக உயர்த்தி, பிழையிரைச்சலைக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்களுக்குத் தள்ளி, 14 பிட் சிப்பிலிருந்தே ஏறக்குறைய 16 பிட்டின் தரத்தை அந்தப் பொறியாளர்கள் எடுத்தார்கள். இந்த ஓவர்சாம்ப்ளிங் முறையின் இன்னொரு பயன், டாக்குக்குப் பின்னால் கடுமையான அனலாக் வடிகட்டி தேவைப்படாமல் போனது. அதே காலத்தில் சோனியின் சிடிபி-101 ஒரே 16 பிட் டாக்கை இடது, வலது சேனல்களுக்கு மாறி மாறிப் பயன்படுத்தியது. அதனால் இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 11 மைக்ரோவிநாடி இடைவெளி இருந்தது.

டிடிஏ1541 அதன் பின் வந்த 16 பிட் சிப். பிலிப்ஸும் மராண்ட்ஸும் தங்கள் நல்ல பிளேயர்களில் அதை வைத்தன. அது உண்மையிலேயே சிறந்த பொறியியல். ஆனால் ஒரு பிளேயரின் ஒலி, டாக்குக்குப் பின்னால் உள்ள அனலாக் சுற்று, மின்வழங்கி, அவற்றில் உள்ள கெபாசிட்டர்களின் இப்போதைய நிலை ஆகியவற்றையும் பொறுத்தது. சிப்பின் பெயரை மட்டும் பார்த்து, ஓடாத பிளேயருக்குப் பெருந்தொகை கொடுத்தவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஓவர்சாம்ப்ளிங்கை நீக்கிவிட்டால் ஒலி இன்னும் இதமாகும் என்கிறார்களே?

இதமாகத் தோன்றும். அதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. வடிகட்டி இல்லாமல் 44.1 கிலோஹெர்ட்ஸில் நேரடியாக மாற்றும்போது, 20 கிலோஹெர்ட்ஸில் ஒலி 3 டெசிபெல்லுக்குச் சற்று மேல் குறைகிறது. உச்ச ஸ்தாயியின் கூர்மை மெல்ல மழுங்குவதைத்தான் இதம் என்கிறோம். கூடவே, பதிவில் இல்லாத உயர் அதிர்வெண் அலைகளும் வெளியேறுகின்றன. பிடித்திருந்தால் கேட்கலாம். ஆனால் ஒழுங்காக வேலை செய்யும் பழைய பிளேயரை அதற்காக அறுத்து மாற்றாதீர்கள். மாற்றப்படாத பிளேயர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றன.

ஒரே பாட்டுதான். என் பழைய சிடியில் ஒரு மாதிரி கேட்கிறது, ஆப்பில் வேறு மாதிரி கேட்கிறது. என் காதில் குறையா?

உங்கள் காதில் குறையில்லை. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு பாடல் ஒலிப்பதிவுக்கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் அதன் இறுதி வடிவத்தை ஒருவர் செதுக்குகிறார். அதை மாஸ்டர் என்கிறோம். டிஜிட்டல் பதிவில் ஒலி தாண்டவே முடியாத ஓர் உச்சவரம்பு உண்டு. 1980களின் மாஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குக் கீழே நிறைய இடம் விட்டு வைத்தன. மிருதங்கத்தின் ஓர் அடியோ டிரம்ஸின் ஒரு வீச்சோ மற்ற ஒலிகளைவிட உயர்ந்து எழ அந்த இடம் வேண்டும். 1990களின் நடுவிலிருந்து, வானொலியிலும் காரிலும் தங்கள் பாடல் மற்றவற்றைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டி உலகெங்கும் தொடங்கியது. உச்சங்களை நறுக்கிவிட்டு, மீதியை வரம்புவரை தூக்கி நிறுத்தினார்கள். பழைய ஆல்பங்களின் மறுபதிப்புகளுக்கும் அதையே செய்தார்கள். ஆப்பில் கிடைப்பது பல நேரங்களில் அந்த மறுபதிப்புதான். ஸ்ட்ரீமிங் சேவைகள் எல்லாப் பாடல்களையும் ஒரே அளவுக்குக் குறைத்துத் தருவது உண்மை. ஆனால் நறுக்கப்பட்ட உச்சங்கள் அதனால் திரும்பி வருவதில்லை.

ஆகவே 1986-இல் அச்சான ஒரு சிடி, எளிய பிளேயரில் ஓடினாலும், அதே ஆல்பத்தின் 24 பிட் மறுபதிப்பைவிட உயிரோட்டமாக ஒலிக்கக்கூடும். பழைய சிடிகளைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் இதை அறிந்தே போகிறார்கள். பிளேயர் மீதான நேசம் அந்தத் தட்டுகளோடு பின்னிக் கிடக்கிறது.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் வந்த பிறகு 16 பிட் சிடி பழையதாகிவிடவில்லையா?

ஒலிப்பதிவு செய்பவருக்கு 24 பிட் அவசியம், கேட்பவருக்கு அல்ல. 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை முழுமையாகப் பிடிக்கும். மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அதைவிடக் குறைவு. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட் தரும் 96 டெசிபெல் இடைவெளியை முழுதாகப் பயன்படுத்தும் பதிவும் அரிது, அதைக் கேட்கும் அளவுக்கு அமைதியான வீடும் அரிது. பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட சோதனையில், உயர்தெளிவுத் தட்டின் ஒலியை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வழியாகச் செலுத்தியும் செலுத்தாமலும் ஒலிக்கவிட்டார்கள். 500-க்கும் மேற்பட்ட முயற்சிகளில் கேட்டவர்கள் சரியாகச் சொன்னது ஏறத்தாழ பாதி, அதாவது நாணயம் சுண்டிப் பார்த்தால் கிடைக்கும் அளவு.

தமிழ்த் திரைப்பாடல் சிடிகளுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். 1980களில் நம் பாடல்கள் மக்களிடம் சென்றது இசைத்தட்டிலும் கேசட்டிலும். அவற்றில் பல பின்னர்தான் சிடியாக வந்தன. மூல நாடாவிலிருந்து நேரே எடுத்த சிடி என்றால் அது பொக்கிஷம். ஆனால் இசைத்தட்டை ஓடவிட்டுப் பதிவு செய்த சிடிகளும் உண்டு. பாடல் தொடங்குவதற்கு முந்தைய அமைதியில் ஊசி ஓடும் பொரிபொரிப்பைக் கேட்டால் தெரிந்துவிடும். மோனோவில் பதிவான 50களின், 60களின் பாடல்களுக்கு எதிரொலி சேர்த்துச் செயற்கை ஸ்டீரியோ ஆக்கிய பதிப்புகளும் இருக்கின்றன. அவற்றில் பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ஒரே பாடலின் இரண்டு மூன்று சிடி பதிப்புகளைக் கேட்டுவிட்டு வாங்குவதே நல்லது.

150 பாட்டு உள்ள எம்பி3 சிடி ஒன்று வைத்திருக்கிறேன். பழைய பிளேயரில் போட்டால் ஓடவில்லையே?

ஓடாது, பிளேயர் பழுதும் இல்லை. அது பாட்டு சிடி அல்ல, கணினிக் கோப்புகள் உள்ள தட்டு. எம்பி3-ஐ விரிக்கும் சுற்று பழைய பிளேயர்களில் கிடையாது.

வீட்டில் எழுதிய சிடி-ஆர் தட்டுகளை ஆடியோ சிடியாக எழுதியிருந்தால் பெரும்பாலான பழைய பிளேயர்கள் படித்துவிடும். சிடி-ஆர்டபிள்யூ தட்டுகளைப் படிப்பது கடினம். அவை லேசர் ஒளியைத் திருப்பி அனுப்புவது அச்சிட்ட சிடி அனுப்புவதில் மூன்றில் ஒரு பங்கு கூட இருக்காது.

பழைய பிளேயர் வாங்கப் போகும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

நீளமான ஒரு சிடியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளிநோக்கிப் படிக்கப்படுகிறது, சுழலும் வேகமும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்றிலிருந்து 200 சுற்றுக்குக் குறைந்துகொண்டே வரும். ஆகவே முதல் பாட்டு ஓடினால் போதாது. கடைசிப் பாட்டையும் போட்டுப் பாருங்கள், முதலிலிருந்து கடைசிக்கும் கடைசியிலிருந்து முதலுக்கும் தாவச் சொல்லுங்கள். தட்டைப் போட்டதும் பாடல்களின் எண்ணிக்கையைக் காட்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கவனியுங்கள். நல்ல நிலையில் உள்ளது சில விநாடிகளில் காட்டிவிடும். பிறகு அரை மணி நேரம் ஓடவிட வேண்டும், ஏனென்றால் சூடேறிய பின் தடுமாறுவதுதான் வழக்கமான நோய். விற்பவர் அவசரப்படுத்தினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பல மாடல்களின் அடியில், எடுத்துச் செல்லும்போது லேசர் பகுதி ஆடாமல் பூட்டி வைக்கும் திருகு இருக்கும். வாங்கியதும் பூட்டி எடுத்து வாருங்கள், வீட்டுக்கு வந்ததும் தளர்த்த மறக்காதீர்கள். "கடையில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை" என்று எனக்கு வந்த அழைப்புகளில் சிலவற்றுக்கு அந்தத் திருகுதான் காரணம்.

ஜப்பானிலிருந்து வந்த பிளேயர் மலிவாகக் கிடைக்கிறது. நம் கரண்டில் போடலாமா?

நேரடியாகப் போடவே கூடாது. அது 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது, இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஒரு நொடியில் உள்ளே உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பின்பக்கத்தில் வோல்டேஜ் மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 230-ஐ 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். சிடி பிளேயர் இழுக்கும் மின்சாரம் குறைவு, 50 வாட் ட்ரான்ஸ்ஃபார்மரே தாராளம். 110 வோல்ட் தருவதில் 100 வோல்ட் பிளேயரை நெடுநேரம் ஓட்டுவது நல்லதல்ல, தேவைக்கு மேல் சூடாகும்.

50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று கவலைப்பட வேண்டாம். ஜப்பானிலேயே டோக்கியோவில் 50, ஒசாகாவில் 60. சிடி பிளேயரின் வேகத்தை ஆள்வது உள்ளே உள்ள குவார்ட்ஸ் படிகம்தான்.

"நோ டிஸ்க்" என்று காட்டுகிறது. லேசர் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். வேறு வழியே இல்லையா?

லேசர் போனது என்பது கடைசியாக வர வேண்டிய முடிவு. முதலில் மேலே சொன்ன பூட்டுத் திருகைப் பாருங்கள். அடுத்து, மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு மூடியைத் திறந்து, காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபிரைல் ஆல்கஹால் ஒரு துளி தொட்டு லென்ஸை மிக மெதுவாகத் துடையுங்கள். லென்ஸ் மெல்லிய தகட்டில் தொங்குகிறது, அழுத்தினால் வளைந்துவிடும். என்னிடம் வந்தவற்றில் கணிசமானவை இந்த ஒரு வேலையிலேயே உயிர் பெற்றன. லேசர் பகுதி முன்னும் பின்னும் நகரும் தண்டில் முப்பது ஆண்டு கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும். அதைத் துடைத்து எடுத்து, புதிய கிரீஸ் சிறிதளவு வையுங்கள். ட்ரே முழுதாக மூடவில்லை என்றால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அளவு கொண்டுபோனால் சென்னை ரிச்சி தெருவில் பெல்ட் கிடைக்கும்.

பழைய பிலிப்ஸ் பிளேயர்களில் இன்னொரு நோய் உண்டு. மின்சுற்றுப் பலகையின் இரு பக்கங்களையும் இணைக்கும் சிறு இணைப்புகளில் சோல்டர் விரிசல் விட்டிருக்கும். லேசர் நன்றாக இருந்தும் பிளேயர் செத்ததுபோல் கிடக்கும். பொறுமையாக ஒவ்வொன்றையும் மீண்டும் சோல்டர் செய்தால் எழுந்துவிடும்.

லேசரின் சக்தியை ஏற்றும் சிறு திருகை மட்டும் தொடாதீர்கள். தொடக்கத்தில் நான் ஒரு பிளேயரில் அதைத் திருப்பினேன். உடனே ஓடியது, சில வாரங்களில் லேசர் நிரந்தரமாக அணைந்துவிட்டது. அந்த இழப்பு இன்றும் எனக்கு வலிக்கிறது. மேலும், இந்த லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எரிகிறதா என்று குனிந்து பார்க்கக் கூடாது.

சிடியில் கீறல் விழுந்துவிட்டது. டூத்பேஸ்ட் தேய்க்கலாமா?

முதலில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பளபளக்கும் அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் தடிமனான பாலிகார்பனேட், சிறு கீறலைத் தாங்கும். சிடியில் உள்ள பிழைதிருத்தக் குறியீடு, தொடர்ச்சியாக 2 மில்லிமீட்டருக்கு மேல் தரவு அழிந்தாலும் அதை முழுமையாக மீட்டுவிடும். பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தில்தான் ஆபத்து. அலுமினியப் படலம் அங்கே மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது, அது பெயர்ந்தால் எதுவும் செய்ய முடியாது.

துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளும், பிழைதிருத்தம் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். டூத்பேஸ்ட்டை, வேறு வழியே இல்லாத, மதிப்புக் குறைந்த தட்டில் மட்டும் முயன்று பாருங்கள்.

சிடி தானாகவே கெட்டுப்போகும் என்கிறார்களே?

நன்கு அச்சான சிடி எளிதில் கெடாது, 1980களின் தட்டுகள் என்னிடம் குறையின்றி ஓடுகின்றன. ஆனால் 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலையில் அச்சான தட்டுகளில் பல, விளிம்பிலிருந்து செம்பழுப்பாக மாறிப் படிக்க முடியாமல் போயின. ஈரமும் வெப்பமும் உள்ள இடங்களில் பூஞ்சையும் எதிரிதான். மத்திய அமெரிக்காவின் பெலீஸில் இருந்து வந்த ஒரு சிடியின் அலுமினியத்தையும் பாலிகார்பனேட்டையும் பூஞ்சை தின்றிருந்ததை 2001-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். நம் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய அலமாரியில் வையுங்கள். பழைய பெட்டிகளுக்குள் பஞ்சுத் துண்டு இருந்தால் எடுத்து எறியுங்கள், அது நாளடைவில் உதிர்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

சிடியின் விளிம்பில் பச்சை மார்க்கர் பூசினால் ஒலி மேம்படுமா?

மேம்படாது. மை அரக்கை அரிக்கும் வாய்ப்புதான் உண்டு.

எல்லா சிடியையும் கணினியில் ஏற்றிவிட்டால் பிளேயர் எதற்கு?

கட்டாயம் ஏற்றி வையுங்கள், நானும் செய்திருக்கிறேன். ஒழுங்காகப் பிரதி எடுத்த, இழப்பில்லாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவக் கோப்பு சிடிக்கு ஒரு பிட் கூடக் குறைந்ததல்ல. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 1980களின் சில சிடிகளில், குறிப்பாக ஜப்பானிய அச்சுகளில், உச்ச ஸ்தாயியை வேண்டுமென்றே உயர்த்திப் பதிந்து, "திரும்பக் குறைத்துக்கொள்" என்ற அடையாளத்தையும் சேர்த்திருப்பார்கள். ப்ரீ-எம்ஃபசிஸ் என்று அதற்குப் பெயர். 20 கிலோஹெர்ட்ஸில் அந்த உயர்வு 9 டெசிபெல்லுக்கும் மேல். பழைய பிளேயர் அடையாளத்தைக் கண்டதும் தன் சுற்றால் அதைச் சரிசெய்துவிடும். பிரதி எடுக்கும் மென்பொருள் அதைக் கவனிக்காவிட்டால் கோப்பு கீச்சென்று ஒலிக்கும்.

மற்றபடி பிளேயரை நான் வைத்திருப்பது கேட்கும் முறைக்காக. தட்டை எடுத்து, உறையில் யார் வாசித்தார்கள் என்று படித்து, ட்ரே மெதுவாக உள்ளே போவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால், அந்த 50 நிமிடமும் இடையில் எந்த அறிவிப்பும் வராது, அடுத்தது என்ன என்று யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். செல்போனில் இரண்டு நிமிடத்தில் தாண்டிப்போன பாடல்களை சிடியில் முழுதாகக் கேட்டுப் பிடித்துப்போன அனுபவம் எனக்குப் பல முறை வாய்த்திருக்கிறது. கூடவே, உரிம ஒப்பந்தம் முடிந்ததால் ஆப்பிலிருந்து காணாமல்போகும் ஆல்பம் என் அலமாரியிலிருந்து காணாமல்போவதில்லை.

பழைய பிளேயரை டிஜிட்டல் அவுட் வழியாகப் புதிய டாக்கில் இணைத்தால் இரண்டின் நன்மையும் கிடைக்குமா?

நல்ல தட்டு, நல்ல டாக் என்ற வகையில் கிடைக்கும். அப்போது பழைய டாக்கும் அனலாக் சுற்றும் வேலை செய்யாது, பிளேயர் தட்டைப் படிக்கும் கருவி மட்டுமே. டிடிஏ1541-இன் ஒலிக்காக வாங்கியவர் இப்படி இணைப்பதில் பொருளில்லை. சிடிபி-101 போன்ற மிகப் பழையவற்றில் டிஜிட்டல் அவுட்டே கிடையாது. மேலும், ப்ரீ-எம்ஃபசிஸ் அடையாளத்தை இன்றைய டாக்குகள் எல்லாம் மதிப்பதில்லை என்பதால், அத்தகைய தட்டுகளுக்குப் பிளேயரின் அனலாக் அவுட்டையே பயன்படுத்துங்கள்.

லேசர் உண்மையிலேயே போய்விட்டால்?

மாடலைப் பொறுத்தது. சோனியின் கேஎஸ்எஸ்-213 போன்ற, பல நிறுவனங்கள் பயன்படுத்திய லேசர் பகுதிகளுக்கு மாற்று இன்றும் கிடைக்கிறது, ஆனால் நகல்களின் தரம் சீராக இருப்பதில்லை. பிலிப்ஸின் பழைய வார்ப்பு உலோக ஸ்விங்-ஆர்ம் இயந்திரங்களுக்கு, அதாவது லேசர் ஒரு கையில் அமர்ந்து ஊசல்போல் ஆடும் வகைக்கு, புதிய உதிரி கிடையாது. அதே இயந்திரம் உள்ள, வேறு காரணத்தால் ஓடாத பிளேயரை விலை குறைவாக இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வதுதான் நான் பின்பற்றும் வழி. வாங்கியதும் அதன் லேசர் வேலை செய்கிறதா என்று, குனிந்து பார்க்காமல், சோதித்து, தேதியை ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே ஒட்டிவிடுங்கள். பூட்டுத் திருகையும் பூட்டி வையுங்கள்.